இரண்டு ஆன்னி மூர்கள்

ஆன்னி மூர் இரண்டு முறை இறந்தார். முதல் கதையில், டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் வொர்த் நகருக்கு அருகே டிராம் வண்டிச் சக்கரத்தில் சிக்கி. இரண்டாவது கதையில், 1924 டிசம்பர் 6 அன்று, நியூயார்க்கில் இதயம் செயலிழந்து. முதல் கதையில் அவருடைய கணவர், அயர்லாந்தின் பெருந்தலைவர் டேனியல் ஓகானலின் வழிவந்தவர். இரண்டாவது கதையில் கணவர் மீன் சந்தையில் விற்பனையாளர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோரின் மகன். இரண்டு கதைகளும் ஒரே நாளில்தான் தொடங்குகின்றன. 1892 ஜனவரி 1: நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்த நாள். அன்று அதன் பதிவேட்டில் முதலாவதாக ஏறிய பெயர் ஆன்னி மூர்.

நிலையம் 1954இல் மூடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அத்தனை பேருக்கும் தலைப்பெயராக நிற்பவரின் வாழ்க்கை எது என்பதில், ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தவறான கதையே மேடையில் இருந்தது. இந்தக் குடும்பத்தின் வழக்கை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இரு தரப்பிலும் பொய்யர்கள் இல்லை என்பதுதான். ஒரு தரப்பில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நினைவு. மறுதரப்பில் ஆங்காங்கே பிழையுள்ள காகிதங்கள். எதை நம்புவது?

முதலில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிகழ்வு. அயர்லாந்தின் கோர்க் நகரத்துத் துறைமுகம் அன்று குவீன்ஸ்டவுன், இன்று கோவ். 1891 டிசம்பர் 20 அன்று நெவாடா என்ற நீராவிக் கப்பலில் ஆன்னி அங்கிருந்து புறப்பட்டார். கூட வந்தவர்கள் இரண்டு தம்பிகள்: அந்தோணி, பிலிப். பெற்றோர் முன்னதாகவே நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தார்கள். டிசம்பர் 31 மாலை கப்பல் துறைமுகத்தை அடைந்தது. மறுநாள் காலை, மலிவு வகுப்புப் பயணிகளை அலங்கரிக்கப்பட்ட படகொன்றில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் படகின் பெயர் ஜான் இ. மூர். குடும்பத்துக்கும் படகுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூர் என்ற பெயர் எவ்வளவு மலிந்து கிடக்கிறது என்பதற்கு இந்தப் படகே போதும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும். நிலையத்தின் தலைமை அதிகாரி கர்னல் ஜான் வெபர், ஆன்னியின் கையில் 10 டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கொடுத்தார்.

மறுநாள் பத்திரிகைகள் இதை எழுதின. சிவந்த கன்னங்களுள்ள ஐரிஷ் சிறுமி, வயது 15, அன்றைக்குத்தான் அவளுக்குப் பிறந்தநாளாம். புத்தாண்டு, புதுக் கட்டடம், பிறந்தநாள்! மூன்றும் ஒரே நாளில் வந்து பொருந்தினால் ஆய்வாளருக்குக் கை அரிக்க வேண்டும். அரித்தது சரிதான். ஆன்னி பிறந்தது 1874 ஏப்ரலில். தீவில் கால் வைத்தபோது வயது 17. ஜனவரி 1 அவருடைய பிறந்தநாளே இல்லை.

அப்படியானால் அந்தப் பத்திரிகைச் செய்தியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அதே செய்தியில் பெற்றோரின் முகவரியும் இருக்கிறது: மன்ராட்டன், மன்ரோ தெரு, 32ஆம் எண். பிறந்தநாளைக் கூட்டிச் சொல்ல நிருபருக்குக் காரணம் உண்டு. வாசகர் மனம் நெகிழும். தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் கற்பித்து எழுத என்ன காரணம்? அதில் சுவையில்லை. சுவையில்லாத அந்தத் துணுக்கு அவர் கேட்டு எழுதியதாகவே இருக்க வேண்டும். ஒரே செய்தியின் ஒரு வரியை நம்பி இன்னொரு வரியைத் தள்ளுவது சௌகரியத்துக்காகச் செய்யும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் எழுதியவருக்கு எந்த வரியில் ஆதாயம் இருந்தது என்று கேட்டுப் பார்ப்பதே இங்கே அளவுகோல். இந்த அளவுகோலை டெக்சஸ் கதைக்கும் வைத்துப் பார்ப்போம்.

டெக்சஸ் கதை இப்படிப் போகிறது. எல்லிஸ் தீவில் இறங்கிய ஆன்னி, குடும்பத்தோடு மேற்கு நோக்கிப் போனார். டெக்சஸ் வரை போய்ச் சேர்ந்தார். ஓகானல் வம்சத்தில் வந்த ஒருவரை மணந்தார். டிராம் விபத்தில் மாண்டார். அந்த அம்மையாரின் சந்ததியினர் இதை நம்பிச் சொன்னார்கள். அவர் பெயர் உண்மையிலேயே ஆன்னி மூர். திருமணத்துக்குப் பின் ஓகானல். விபத்தும் நடந்ததுதான். விழாக்களுக்கு இந்தக் குடும்பத்தாரையே அழைத்தார்கள். புத்தகங்களில் இந்தக் கதையே ஏறியது.

இந்தக் கதைக்குச் சாதகமாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வாயிலாக வரும் செய்தி அற்பமானதல்ல. எந்தக் காகிதமும் சொல்லாததைப் பாட்டி சொல்லியிருப்பாள். கிராமத்தின் பெயர், மாமன் முறை, எதற்காக ஊரைவிட்டு வந்தோம் என்பது, இவையெல்லாம் பெரும்பாலும் வாய்வழியாகவே வரும். ஐரிஷ் வம்சாவளி தேடுபவர்களுக்குப் பல சமயம் முதல் நூல் இப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே செவிவழிச் செய்தி என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ள முடியாது.

ஆனால் பத்திரிகைச் செய்திக்கு வைத்த அளவுகோலை இங்கே வைத்தால் என்ன ஆகிறது? மேற்கு நோக்கிய பயணம், விடுதலை வீரரின் வம்சம், அகால மரணம் என்று எல்லா வரிகளும் அலங்கார வரிகள். மன்ரோ தெரு 32ஆம் எண் போல யாருக்கும் பயன்படாத ஒரு வரி இதில் இல்லை. தம்பிகள் இருவரும் பின்னால் என்ன ஆனார்கள்? மன்ராட்டனில் குடியிருந்த குடும்பம் ஏன் டெக்சஸ் போனது? கதை இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

ஓகானல் உறவையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1775இல் பிறந்து 1847இல் இறந்த டேனியல் ஓகானல், கத்தோலிக்கர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இல் வென்று தந்தவர். அவர் கெர்ரி மாவட்டத்துக்காரர். கெர்ரியிலும் கோர்க்கிலும் ஓகானல் என்ற குடும்பப் பெயர் வீதிக்கு வீதி இருக்கிறது. அந்தப் பெயருள்ள குடும்பம் கடல் கடந்ததும் தலைவருக்குச் சொந்தமாகிவிடுவது புதுமையில்லை. நம் பக்கத்திலும் ஊர்ப்பெயரையோ பட்டப்பெயரையோ வைத்து மன்னர் வம்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோமே. இது பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சான்று என்ற தட்டில் இதற்கு எடை பூஜ்யம்.

கதையை உண்மையில் கவிழ்த்தது ஒரு சிறிய தகவல். டெக்சஸ் ஆன்னி பிறந்தது அயர்லாந்திலேயே இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில். 2002 வாக்கில் குடியேற்றம் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றுக்காக ஆராய்ந்துகொண்டிருந்த வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக், பதிவுகளைப் புரட்டியபோது இதைக் கண்டார். அவர் பெரிய துப்பறியும் வேலை செய்து இதைத் தோண்டி எடுக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் பிறந்த இடம் என்றொரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்தார்.

கணக்கெடுப்புத் தாள் வேதவாக்கா என்று டெக்சஸ் தரப்பில் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வயது, படிப்பு, பெயரின் எழுத்து எல்லாம் தவறிப்போகும். ஆனால் 1900 முதல் 1930 வரையிலான அமெரிக்கக் கணக்கெடுப்புகள் பிறந்த இடத்தோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் எந்த ஆண்டு வந்தார், குடியுரிமை பெற்றாரா என்றும் கேட்டன. அயர்லாந்திலிருந்து வந்தவரை ஒரு கணக்கெடுப்பாளர் தவறுதலாக இத்தாலியர் என்று எழுதிவிடலாம். ஊர் அறிய, பத்திரிகை அறிய, தங்க நாணயத்தோடு வந்து இறங்கிய பெண்ணின் வீட்டில், அவர் இல்லினாயில் பிறந்தவர் என்று யாரும் சொல்லுவார்களா? அந்த வீட்டில் எல்லிஸ் தீவுக் கதை அப்போது இருந்திருந்தால் அதுவே முதலில் வந்திருக்கும். ஆக, இந்தப் பதிவைத் தவறு என்று காட்டும் பொறுப்பு டெக்சஸ் கதையைச் சேர்ந்தது. எதிர்ச்சான்றாக ஒரு ஞானஸ்நானப் பதிவு, ஒரு கப்பல் பட்டியல், தம்பிகளில் ஒருவரின் கடிதம், எது வந்திருந்தாலும் வழக்கு திறந்திருக்கும். வரவில்லை.

இங்கே வழக்கை நிறுத்திவிட்டு, ஐரிஷ் குடும்பங்கள் ஏன் இவ்வளவு சுலபமாகக் கதையின் மேல் சாய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான சாக்கு ஒரே வாக்கியம்: "எல்லாம் எரிந்துபோச்சு." பாதி உண்மை அது. உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் சில துண்டுகள் தவிர மற்றவை சாம்பலாயின. உயில்கள் போயின. முன்பு அரசு சபையாக இருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புகளைத் தீ தின்னவில்லை. எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டபின் அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 தாள்களை முதல் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கினார்கள். கணக்கெடுப்புகளைப் பொறுத்தவரை, தீ அழித்த அளவுக்குக் குமாஸ்தாக்களும் அழித்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

எனினும் ஆன்னி மூர் விஷயத்தில் இந்தச் சாக்கு செல்லாது. கத்தோலிக்கப் பங்குகள் தங்கள் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் காப்பகத்துக்கு அனுப்பவில்லை; கோவிலிலேயே வைத்திருந்தன. அதனால் தப்பின. தேசிய நூலகம் அவற்றை நுண்படமாக்கி, 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பிறப்பு, இறப்பு, எல்லா மதத்தாரின் திருமணம் ஆகியவற்றை அரசு பதியத் தொடங்கியது 1864இல். ஆன்னி பிறந்தது பத்து ஆண்டுகள் கழித்து. அவர் கோர்க்கில் பிறந்தாரா, எப்போது பிறந்தார் என்று தேட வழி இருந்தது. இல்லினாயில் பிறந்த பெண்ணுக்குக் கோர்க் பங்கில் பதிவு இருக்க முடியாது. 1840களில் பஞ்சத்துக்குத் தப்பி ஓடிய ஒருவரைப் பற்றிக் கதையை மட்டும் நம்ப வேண்டி வந்தால் பரிதாபப்படலாம். 1891இல் கப்பலேறியவர் விஷயத்தில் அது சோம்பல்.

அமெரிக்கப் பக்கத்திலும் தீக்குப் பஞ்சமில்லை. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் சிதைந்தது. முன்பே வந்து சேர்ந்துவிட்ட ஆன்னியின் பெற்றோர் இருந்திருக்க வேண்டிய ஏடு அது. எல்லிஸ் தீவின் முதல் கட்டடமே பைன் மரத்தால் ஆனது. 1897 ஜூன் 15 அன்று முழுவதும் எரிந்தது. ஆன்னியின் பெயரை முதலாவதாக ஏற்றிய அந்த ஏடு போனாலும், கப்பல் தலைவர்கள் சுங்கத்துறையிடம் ஒப்படைத்த பயணியர் பட்டியல்கள் வேறிடத்தில் இருந்ததால் நெவாடாவின் பட்டியல் பிழைத்தது. ஒரே செய்தியை இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் அரசாங்கத் தொல்லையை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். இங்கே அதுதான் காப்பாற்றியது.

வயதுப் பிரச்சினைக்கு வருவோம். 15, 17 என்ற முரண் நியூயார்க் ஆன்னிக்கு எதிரான வாதமாகாதா? அயர்லாந்துக் காகிதங்களோடு பழகியவர்கள் இந்த முரணைக் கண்டு புன்னகைப்பார்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதியாவிட்டால் தண்டம் உண்டு. தாமதித்த தகப்பன் அபராதத்துக்குப் பயந்து பிறந்த தேதியைப் பின்னுக்குத் தள்ளிச் சொல்லுவான். விளைவு, கோவில் ஏட்டின்படி குழந்தை ஞானஸ்நானம் பெற்ற சில வாரங்களுக்குப் பிறகு, அரசு ஏட்டின்படி பிறக்கும்! இதைவிடப் பெரிய வேடிக்கை 1911 கணக்கெடுப்பில் இருக்கிறது. 1909 ஜனவரி முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு அரசு முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1901இல் 58 வயது என்று எழுதிய விவசாயி 1911இல் 73 ஆகிவிட்டார். பத்து ஆண்டில் பதினைந்து வயது. அப்படிப்பட்ட தாத்தாக்கள் அந்தத் தாள்களில் நிறையவே இருக்கிறார்கள். வயதை நிரூபிக்க அவர்கள் 1841, 1851 கணக்கெடுப்பைத் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பங்களில் எழுதிவைத்த விவரங்கள் மட்டும், மூலத்தாள்கள் எரிந்த பின்னும், இன்று நமக்கு இருக்கின்றன. ஓய்வூதிய ஆசைக்கு வம்சாவளி ஆய்வு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

பெயரும் முகவரியும் உறவும் ஒத்துப்போகும் இடத்தில் வயது இரண்டு மூன்று ஆண்டு விலகினால், அந்தக் காலத்து ஐரிஷ் காகிதங்களில் அது சாதாரணம். பெயர் மட்டும் ஒத்துப்போய், மற்றவை விலகினால்தான் ஆபத்து. டெக்சஸ் ஆன்னிக்கு ஒத்துப்போனது பெயர் மட்டுமே. அந்தப் பெயரும் எப்படிப்பட்டது? மூர் அயர்லாந்தின் மிகச் சாதாரணக் குடும்பப் பெயர்களில் ஒன்று; இங்கிலாந்திலிருந்து வந்த மூர்களும் உண்டு, ஓ மோர்தா என்ற கேலிக் பெயர் ஆங்கிலமாகி மூரானவர்களும் உண்டு. ஆன்னி என்பது அதைவிட மலிவு. அதிலும் முதல் மகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டன் பெயர், முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்று வைக்கும் வழக்கம் அயர்லாந்தில் இருந்தது. பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே இந்த வழக்கத்தைப் பொதிந்து வைத்திருக்கும் நமக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை: ஒரே தெருவில், ஒரே வயதில், ஒரே பெயரில் நான்கு ஒன்றுவிட்ட சகோதரிகள்.

இந்தச் சிக்கலைத் தாண்டிய விதத்தில்தான் நியூயார்க் தரப்பின் பலம் இருக்கிறது. டெக்சஸ் கதை நிற்காது என்று தெரிந்தபின், சரியான ஆன்னியைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று 2006இல் ஸ்மோலென்யாக் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறையின் ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன் உள்ளிட்டோர் களமிறங்கினார்கள். சில வாரங்களில் முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது: ஆன்னியைத் தேடாமல் தம்பியைத் தேடினார்கள். பெண்ணுக்குத் திருமணமானதும் குடும்பப் பெயர் மாறி ஆள் மறைந்துவிடுகிறாள். ஆண் பெயர் மாறுவதில்லை. மேலும் ஆன்னி மூர்கள் ஆயிரம் இருக்கலாம், பிலிப் மூர் அவ்வளவு இருக்க மாட்டார்கள்; கோர்க் கத்தோலிக்கர்களிடையே ஜான், பாட்ரிக், மைக்கேல் போல மலிந்த பெயர் அல்ல அது.

பிலிப்பின் குடியுரிமைச் சான்று கிடைத்தது. 1930 கணக்கெடுப்பில் அவருடைய வீட்டில் அன்னா என்று ஒரு மகள். அந்த மகளின் பெயர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் இறப்புப் பட்டியலில் இருந்தது. அங்கிருந்து அவருடைய மகன். உயிரோடு இருக்கும் மனிதர்! எல்லிஸ் தீவில் முதலில் இறங்கிய பெண் தன் பாட்டனாரின் அக்காள் என்பது அந்த வீட்டில் தெரிந்த விஷயமாகவே இருந்தது; யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆக, நியூயார்க் பக்கத்திலும் ஒரு குடும்பக் கதை இருந்திருக்கிறது. காகிதமா கதையா என்று நாம் போட்டுக்கொண்ட எதிர்ச்சோடியே கொஞ்சம் தளர்கிறது. காகிதங்களின் சங்கிலி ஒரு வீட்டுக் கதவில் போய் முடிந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கமும் அதே செய்தி இருந்தது என்பதுதான் நியூயார்க் தரப்புக்குக் கிடைத்த அனுகூலம். டெக்சஸில் கதவு மட்டும் இருந்தது, சங்கிலி இல்லை.

ஆன்னியின் பிந்தைய வாழ்க்கை அந்தச் சங்கிலி வழியே தெரியவந்தது. தந்தை மேத்யூ, தாய் ஜூலியா. கீழ் மன்ராட்டனில், வந்து சேர்ந்த மன்ரோ தெருவுக்குச் சில தெருக்கள் தள்ளியே வாழ்நாள் முழுவதும் கழிந்தது. கணவர் ஜோசப் அகஸ்டஸ் ஷேயர், புல்டன் மீன் சந்தையில் வேலை. குறைந்தது 11 பிள்ளைகள் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் ஐவர். 1900, 1910 கணக்கெடுப்புகளில் தாய்மார்களிடம் எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்து வாடகைக் குடியிருப்புகளின் தாள்களில் அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வேறு எந்த வரலாறும் படிக்கத் தேவையில்லை. 50 வயதில் இறந்த ஆன்னியைக் குவீன்ஸ் பகுதியில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், இறந்த பிள்ளைகளோடு புதைத்தார்கள். பெயர்க்கல் கிடையாது.

இன்னும் ஒரு தடையை எதிர்த்தரப்புக்காக நானே வைக்கிறேன். ஜான் இ. மூர் என்ற படகை மறக்கவில்லை. நியூயார்க்கில் வேறொரு மூர் குடும்பம், அதிலும் ஆன்னி, அந்தோணி, பிலிப் என்று மூன்று பிள்ளைகள் இருந்து, ஆய்வாளர்கள் அவர்களைப் பிடித்திருக்கக் கூடாதா? ஒரு பெயர் தற்செயலாக ஒத்துப்போவது எளிது. இரண்டு பெயர்கள் ஒத்துப்போவது நடக்கக்கூடியது. மூன்று உடன்பிறப்புகள், பெற்றோர் இருவர், கோர்க், மன்ராட்டனின் அதே மூலை, இவ்வளவும் ஒரே வீட்டில் கூடுவதற்குத் தற்செயலைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது: அதே குடும்பம். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, இந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்தில், வேறு வேறு காரணத்துக்காக எழுதப்பட்டவை. கப்பல் நிறுவனத்துக்கு எல்லிஸ் தீவின் புகழ் தெரியாது. குடியுரிமை கொடுத்த நீதிமன்றத்துக்குச் சிலை வைக்கும் உத்தேசம் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத சாட்சிகள் ஒரே ஆளைக் கைகாட்டுகிறார்கள். வயதைச் சொல்வதில் மட்டும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கும் காரணம் நமக்குத் தெரிந்திருக்கிறது.

என் தீர்ப்பு: எல்லிஸ் தீவில் முதலில் பதிவானவர் நியூயார்க்கின் ஆன்னி ஷேயர். இதில் எனக்குச் சந்தேகமில்லை. டெக்சஸ் கதை பலவீனமான வாதம் என்ற நிலையில்கூட இல்லை. ஒரே பெயரில் இருந்த இன்னொருவரின் உண்மையான வாழ்க்கை அது, தவறான வாசலில் கொண்டுபோய் ஒட்டியது.

ஆனால் வென்ற தரப்பு சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. உண்மையான ஆன்னி கிடைத்தவுடனே அவருக்கும் ஒரு புதுக் காவியம் பின்னத் தொடங்கினார்கள். அவர் தன்னைத் தியாகம் செய்து அடுத்த தலைமுறையை உயர்த்தினார். குடியேறிய ஏழைப் பெண்ணின் முன்மாதிரி அவரே. சந்ததியில் ஐரிஷ், யூத, இத்தாலிய, ஸ்காண்டிநேவியப் பெயர்கள் எல்லாம் கலந்திருப்பதால் அது அமெரிக்காவின் சிற்றுருவம். பெயர்க் கலப்பு தகவல். அதை மறுக்க ஒன்றுமில்லை. தியாகம் என்பதற்கு எந்த ஏட்டில் கட்டம் இருக்கிறது? குறைந்தது ஆறு குழந்தைகளைப் பறிகொடுத்த பெண்ணின் துயரத்துக்கு அவர் சம்மதம் கொடுத்ததாக நாம் எழுதிக்கொள்வதில் ஒரு கூச்சமின்மை இருக்கிறது. டெக்சஸ் கதையில் டிராம் வண்டி செய்த வேலையைப் புதுக் கதையில் தியாகம் செய்கிறது. ஆன்னி தன் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு நம்மிடம் காகிதமும் இல்லை, கதையும் இல்லை.

"முதல் குடியேறி" என்ற பட்டத்தையும் சற்று அளந்துதான் கொடுக்க வேண்டும். 1855 முதல் 1890 வரை மன்ராட்டனின் தென்முனையில் இருந்த காசில் கார்டன் நிலையம் வழியாக முன்னமே லட்சக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். எல்லிஸ் தீவிலும் முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் கால் வைக்கவே தேவையில்லை. அவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். அன்று துறைமுகத்தில் மூன்று பெரிய கப்பல்கள் காத்திருந்தன. நெவாடாவில் ரஷ்ய யூதர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களைவிட ஆங்கிலம் பேசும், சிவந்த கன்னமுள்ள, ஐரிஷ் பெண் படத்துக்கு நன்றாக இருந்தாள் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். இது என் ஊகம், சான்றாக வைக்கவில்லை. ஆனால் அவர் முதலில் நின்றது வெறும் வரிசையின் தற்செயல் என்று நம்புவதற்கு, அலங்கரித்த படகும் தயாராக இருந்த தங்க நாணயமும் இடம் கொடுக்கவில்லை. எல்லிஸ் தீவுக்குப் புனைவு ஒன்றும் அந்நியமில்லை. அங்கிருந்த அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று இன்றும் அமெரிக்கக் குடும்பங்கள் சொல்கின்றன. அதிகாரிகள் கையில் இருந்ததோ, புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியல். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களே, பிற்பாடு, தங்கள் வசதிக்கு.

டெக்சஸ் குடும்பத்தார் மீது எனக்கு மனக்குறை இல்லை. அம்மா சொன்னதைப் பிள்ளை நம்புவது குற்றமா? கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறு. ஜீன் ரைன்ஹார்ட் என்ற ஐரிஷ் சிற்பி வடித்த இரண்டு வெண்கலச் சிலைகளை 1993இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்து வைத்தார். கோவ் துறைமுகத்தில் ஆன்னி தம்பிகளோடு நிற்கிறார். எல்லிஸ் தீவில் தனியாக. சிலைக்கு வார்ப்பு எடுக்கும் முன்பு கணக்கெடுப்புத் தாளின் ஒரு கட்டத்தைப் பார்க்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. கட்டத்தைப் பார்க்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆளைக் கண்டுபிடிக்க மேலும் நான்கு.

கால்வரியில் ஐரிஷ் நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய கெல்டிக் சிலுவை ஒன்று ஆன்னியின் பெயரோடு 2008 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகள், தீவில் வெண்கல ஆன்னியோடு நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குவீன்ஸில், ஆன்னி கிடந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது.